யார் பேரில் பணம்? யார் கையில் கணக்கு?

(மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளரும் சுற்று வட்டார விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



இன்று நாம் பேசப் போவது கணக்கைப் பற்றி. கணக்கு என்றவுடன் பின்வரிசையில் சில தோழர்கள் கொட்டாவி விடுகிறீர்கள். ஷிப்டு முடிந்து நேரே வந்தவர்கள் இருக்கிறீர்கள். நாற்று நட்ட சேறு காயாமல் வந்த தாய்மார்கள் இருக்கிறீர்கள். உங்கள் களைப்பு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கணக்கு நம் பிள்ளைகளைப் பற்றிய கணக்கு.

சில வாரங்களுக்கு முன் உங்களில் நாலைந்து பேர் எங்களிடம் வந்து ஒரு யோசனை கேட்டீர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் படிப்புக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கப் போகிறார்களாம். பஞ்சாலை அதிபர் ஒருவர் பெருந்தொகை தருகிறாராம். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு ஏழை ஜனங்களிடமும் வசூல் செய்வார்களாம். நோட்டீசும் காட்டினீர்கள். நிர்வாகிகள் என்று ஏழு பெயர் அச்சாகியிருந்தது. ஏழில் ஒரு பெயர்கூட நம் தெருவிலிருந்து இல்லை. "இந்தப் பணத்தை வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டீர்கள்.

உங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. "நம்மைக் கமிட்டியில் சேர்க்காதவன் காசு நமக்கு எதற்கு? தூக்கி எறிவோம்" என்றார் ஒரு தோழர். அருகிலிருந்த தாய் ஒருவர் குறுக்கிட்டார்: "ரோஷம் சோறு போடுமா தம்பி? எவன் காசாயிருந்தால் என்ன, பிள்ளை படித்தால் போதும்" என்றார்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே அவசரப்பட்டு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எங்களுக்கு மனமில்லை. இதே கேள்வி நம் நாட்டில் 90 ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. பெரிய பெரிய மனிதர்கள் இதில் மோதிக்கொண்டார்கள். அந்தக் கதையை முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு நம் நோட்டீசுக்கு வருவோம்.

பம்பாயில் பிறந்த சங்கம்

1932 செப்டம்பர் 24-ம் தேதி புனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் போராடினார். அது கூடாது என்று காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். முடிவில் தனித் தொகுதி போய், பொதுத் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. இந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும்.

அந்த ஒப்பந்தத்தின் கடைசி ஷரத்து பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கு ஒதுக்கும் பணத்திலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களின் படிப்புக்குப் போதுமான தொகையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்பது அது. கவனியுங்கள்: இது யாரும் இரங்கிக் கொடுக்கும் பணம் அல்ல. சர்க்கார் கஜானாவிலிருந்து உரிமையாக வரவேண்டிய பணம்.

ஒப்பந்தம் முடிந்து ஒரு வாரத்துக்குள், செப்டம்பர் 30-ம் தேதி, பம்பாயில் மாளவியா தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. தீண்டாமையை ஒழிக்க அகில இந்திய ஸ்தாபனம் ஒன்று அங்கே உருவாயிற்று. பின்னாளில் ஹரிஜன சேவக சங்கம் என்று பெயர் பெற்றது இதுதான். (ஹரிஜன் என்ற அந்தப் பெயரையே தாழ்த்தப்பட்ட மக்களில் பெரும்பகுதியினர் பின்னர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.) தலைவர் கன்ஷியாம் தாஸ் பிர்லா. செயலாளர் அமிர்தலால் தக்கர்.

நிர்வாகக் கமிட்டியில் வேறு யார் யார்? ஆமதாபாத் ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய் இருந்தார். டில்லி ஆலை அதிபர் லாலா ஸ்ரீராம் இருந்தார். திருச்சி டாக்டர் ராஜன் இருந்தார். தலைவர் பிர்லாவும் ஆலை அதிபரே. தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்து மூன்று பேர் சேர்க்கப்பட்டார்கள்: டாக்டர் அம்பேத்கர், எம்.சி. ராஜா, ரெட்டைமலை சீனிவாசன். பின் இருவரும் நம் சென்னை மாகாணத்தவர்கள்.

மூன்று பேராவது இருந்தார்களே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மூன்று நாற்காலிகளும் வெகு சீக்கிரம் காலியாயின. ஏன் என்று பார்ப்போம்.

கப்பலிலிருந்து ஒரு கடிதம்

அந்த நவம்பரில் அம்பேத்கர் மூன்றாவது வட்ட மேஜை மாநாட்டுக்காக லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். 'விக்டோரியா' என்ற கப்பல். போர்ட் செய்து துறைமுகத்தை நெருங்கும் சமயம், நவம்பர் 14-ம் தேதி, சங்கத்தின் செயலாளருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். பணத்தை எப்படிச் செலவு செய்ய வேண்டும், யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்பதே அதன் விஷயம்.

அவர் கேட்டதை நம் பாஷையில் சொல்கிறோம். தாழ்த்தப்பட்டவனுக்கு இரண்டு வகையில் உதவலாம். ஒரு வகை, அவனைத் திருத்துவது: குடிக்காதே, குளி, படி என்று புத்தி சொல்லி, நாலு பேருக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பது. இன்னொரு வகை, அவனை அழுத்தும் சூழ்நிலையை மாற்றுவது: பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளியில் சமமாக உட்கார, பொது வண்டியில் ஏற, வேலை வாய்ப்பில் சம பங்கு பெறப் போராடுவது. சங்கம் தன் பணத்தையும் பலத்தையும் இரண்டாவது வேலையில் போட வேண்டும் என்றார் அவர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆட்களைவிட, தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்தே ஊழியர்களை எடுத்தால் அன்போடு உழைப்பார்கள் என்றும் சொன்னார்.

அந்தக் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை என அம்பேத்கர் பின்னால் எழுதினார். கமிட்டி அங்கத்தினர் ஒருவர், அதுவும் அம்பேத்கர், எழுதிய கடிதத்துக்கே இந்தக் கதி. நம் சுப்பனும் மாடத்தியும் எழுதினால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் விலகினார். மற்ற இருவரும் அங்கே நிலைக்கவில்லை. 1945-ல் வெளியிட்ட 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாத மக்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் இந்தச் சங்கத்துக்கே ஒதுக்கி, இது அரசியல் நோக்கம் கொண்ட தர்மம் என்று குற்றம் சாட்டினார். உதவி பெறுகிறவன் உதவி செய்கிறவனின் கட்சிக்குக் கட்டுப்பட்டுப் போவான், வாய் திறக்க மாட்டான் என்பது அவர் வாதம்.

கடன்காரன் எழுதிய கணக்கு

தாழ்த்தப்பட்ட மக்கள் சிலர் காந்தியாரிடமே போய், கமிட்டியில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டார்கள். அதற்கு அவர் சொன்ன சமாதானம் சாதாரணமானதல்ல. அதை நாம் நேர்மையாக எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

தீண்டாமை என்ற பாவத்தைச் செய்தவர்கள் சாதி இந்துக்கள். இந்தச் சங்கம் அவர்கள் செய்யும் பிராயச்சித்தம். அவர்கள் கடன்பட்டவர்கள், தாழ்த்தப்பட்டவர்கள் கடன் கொடுத்தவர்கள். கடனைத் தீர்க்கும் கமிட்டியில் கடன்பட்டவன்தானே உட்கார வேண்டும், கடன் கொடுத்தவனுக்கு அங்கே என்ன வேலை? தாழ்த்தப்பட்டவர்கள் வேண்டுமானால் ஆலோசனைக் குழு அமைத்து, எப்படித் தீர்ப்பது என்று சொல்லட்டும். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

கேட்பதற்கு உயர்வாக இருக்கிறது. கடன்பட்டவன் நான் என்று ஒருவர் ஒத்துக்கொள்வதே பெரிய காரியம். எத்தனை பேர் அதைக்கூட ஒத்துக்கொள்வதில்லை!

ஆனால் தோழர்களே, நம் ஊரில் கடன் எப்படி நடக்கிறது? கந்துவட்டிக்காரரிடம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறோம். நோட்டுப் புத்தகம் யாரிடம் இருக்கும்? அவரிடம். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினோம் என்று எழுதுவது யார்? அவர். "நான் கடன்பட்டவன், ஆகவே கணக்கை நானே எழுதிக்கொள்கிறேன், எவ்வளவு பாக்கி என்பதை நானே முடிவு செய்கிறேன், முடிந்தபோது முடிந்ததைத் தருகிறேன், நீர் ஆலோசனை மட்டும் சொல்லும்" என்று நாம் சொன்னால் அவர் சிரிப்பாரா, அடிப்பாரா?

உலகத்தில் எந்தக் கடனுக்கும் இல்லாத வழக்கத்தை இந்த ஒரு கடனுக்கு மட்டும் ஏற்படுத்தினார்கள். நூற்றாண்டு நூற்றாண்டாக உழைப்பைக் கொடுத்தவன் வாசலில் நிற்கிறான். வாங்கியவன் உள்ளே உட்கார்ந்து புத்தகத்தை வைத்துக்கொள்கிறான். கடன் என்ற சொல் வாயில் இருக்கிறது. கணக்கு தர்மக் கணக்காகவே நடக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

ஆலை அதிபர்கள் கொடுத்த பணம் என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்? அவர்களும் கொடுத்தார்கள். ஆனால் முழுக் கதை அதுவல்ல.

1933 நவம்பரில் காந்தியார் வார்தாவிலிருந்து புறப்பட்டு, சுமார் ஒன்பது மாதம் நாடு முழுவதும் சுற்றினார். 12,500 மைல் பயணம். இந்த நிதிக்காக ஏறக்குறைய ரூ. 8 லட்சம் சேர்ந்தது. 1934 ஜனவரியில் நம் மதுரைக்கும் வந்தார். போன இடமெல்லாம் பெண்கள் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். ஏழைகள் செப்புக் காசு போட்டார்கள். கூட்டம் முடிந்ததும் காசை எண்ணி முடிக்கவே ஊழியர்களுக்கு நேரம் போதாது.

அந்தச் செப்புக் காசு போட்டவனும் நன்கொடையாளன்தான். பிர்லா கொடுத்த ஆயிரத்தைவிட, கூலியிலிருந்து அவன் போட்ட ஓரணா அவனுக்குப் பெரிது. ஆனால் நன்கொடைப் புத்தகத்தில் பெரிய தொகைக்குப் பெயர் இருக்கும். செப்புக் காசுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாதவனுக்குக் கமிட்டியில் இடமும் இல்லை, கணக்குக் கேட்க உரிமையும் இல்லை. இன்றைய வசூலிலும் இதுவே நடக்கிறது. ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம்.

மதுரையின் நல்லவர்கள்

இவ்வளவும் சொல்வதால், அந்தச் சங்கத்தில் உழைத்தவர்கள் எல்லோரும் கபட வேடதாரிகள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொன்னால் மதுரை மண் மன்னிக்காது.

தமிழ்நாட்டு ஹரிஜன சேவக சங்கத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்தவர் மதுரை வக்கீல் அ. வைத்தியநாத ஐயர். 1939 ஜூலை 8-ம் தேதி அவரும், சங்க ஊழியர் எல்.என். கோபாலசாமியும் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் வகுப்பினரையும் அழைத்துக்கொண்டு நுழைந்தார்கள். நுழைந்தவர்களில் ஒருவர் மேலூர்ப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு வாசலில் நின்று வரவேற்றார். அர்ச்சகர்கள் எதிர்த்தார்கள். சொந்தச் சாதியார் வைத்தியநாத ஐயரைத் தூற்றினார்கள். அவர் அசையவில்லை. அந்த ஆண்டே, நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் வழக்கிலிருந்து காக்கச் சட்டம் வந்தது. 1947-ல் மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தது. பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார்கள். தம் வீட்டுப் பந்தியிலேயே அவர்களுக்குச் சோறு போட்டார் ஐயர். 1955-ல் அவர் மறைந்தபோது அழுதவர்களில் சேரி ஜனங்கள் ஏராளம்.

ஆகவே கேள்வி நல்லவரா கெட்டவரா என்பதல்ல. நல்லவர் இருந்தவரை விடுதி நன்றாக நடந்தது. அவருக்குப் பின்? கமிட்டியில் பிள்ளையின் தகப்பன் ஒருவன் உட்கார்ந்திருந்தால், நல்லவர் போன பிறகும் நாற்காலி இருக்கும், கேள்வி இருக்கும். நல்ல மனதுக்கு ஆயுள் உண்டு. விதிமுறைக்கு அதைவிட நீண்ட ஆயுள்.

இன்னொன்று. கோயில் திறந்தது. ஆனால் மேலூர் வயல்களில் கூலி உயர்ந்ததா? குத்தகை குறைந்ததா? அந்தச் சங்கத்தின் பணம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று உள்ளே உட்கார்ந்து கேட்க விவசாயக் கூலி ஒருவன் அங்கே இல்லை. யார் மேஜையில் உட்காருகிறார்களோ, அவர்கள் கண்ணுக்குத் தெரிவதற்கே பணம் போகும்.

நம் முதுகையும் பார்ப்போம்

பிறரைச் சொல்லிக்கொண்டே போவது சுலபம். நம் முதுகில் அழுக்கில்லையா?

1928-ல் பம்பாயில் மகத்தான பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்தது. செங்கொடிச் சங்கம் அதில்தான் வளர்ந்தது. ஆனால் அந்த ஆலைகளின் நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்கு இடமில்லை. நல்ல கூலி கிடைத்த பகுதி அது. ஏன் இடமில்லை? தார் மாற்றும்போது நாடாவின் கண்ணில் நூல் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவன் வாய் வைத்த நாடாவில் நான் வாய் வைப்பதா என்று தடுத்தவர்கள் முதலாளிகள் மட்டுமல்ல, சக தொழிலாளிகளே. தாழ்த்தப்பட்டவனுக்கு எல்லாப் பகுதியிலும் வேலை வேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேருங்கள், இல்லையேல் எம் மக்களை வேலைநிறுத்தத்தில் சேரச் சொல்ல மாட்டேன் என்று அம்பேத்கர் நெருக்கிய பிறகே, சங்கத் தலைவர்கள் அதற்கு இணங்கினார்கள்.

அந்தச் சங்கத்தின் கமிட்டியில் அந்தத் தொழிலாளிகள் போதுமான பேர் இருந்திருந்தால், வெளியிலிருந்து ஒருவர் வந்து நெருக்க வேண்டி வந்திருக்குமா? தர்ம ஸ்தாபனத்துக்குக் கேட்கிற கேள்வியை நம் தொழிற்சங்கத்துக்கும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கிளைக் கமிட்டியில் துப்புரவுத் தொழிலாளி எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவில் நடந்தது

இதே மாதிரி ஒரு ஸ்தாபனம் அமெரிக்காவில் இருக்கிறது. கறுப்பு மக்களின் உரிமைக்காக 1909-ல் தொடங்கிய தேசியச் சங்கம் அது. தொடக்கத்தில் அதன் தேசிய நிர்வாகிகளில் ஒரே ஒருவர்தான் கறுப்பர்: டுபாய்ஸ் என்ற பெரிய அறிஞர். மற்றவர்கள் எல்லோரும் நல்ல மனம் படைத்த வெள்ளையர்கள். 1929 வரை தலைவர் பதவியில் இருந்தவர் ஸ்டோரி என்ற வெள்ளை வக்கீல்.

அங்கே நிலைமை மாறியது. எப்படி மாறியது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. டுபாய்ஸ் 'கிரைசிஸ்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1919-ல் அது ஒரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. பத்திரிகை தன் செலவைத் தானே சம்பாதித்தது. ஊர் ஊராகக் கிளைகள் தோன்றின. சாதாரணக் கறுப்புத் தொழிலாளிகளும் ஆசிரியர்களும் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். 1917-ல் சுமார் 9,000 ஆக இருந்த அங்கத்தினர் 1919-ல் 90,000 அளவுக்கு உயர்ந்தார்கள். பணக்கார நன்கொடையாளர் சிலரை நம்பியிருந்த சங்கம், ஆயிரக்கணக்கானவர்களின் சில்லறைச் சந்தாவில் நிற்கத் தொடங்கியது. 1920-ல் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் என்ற கறுப்பர் செயலாளரானார். சந்தா வந்த வழியே அதிகாரமும் வந்தது.

அத்தோடு கதை முடிந்தால் நாங்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டோம். பின்பகுதியையும் கேளுங்கள்.

காலம் போயிற்று. நிர்வாகம் பெரும்பாலும் கறுப்பு மக்கள் கைக்கே வந்துவிட்டது. 1994-ல் என்ன நடந்தது? சங்கத்தின் நிர்வாக இயக்குநர் பெஞ்சமின் சாவிஸ், ஓர் ஊழியர் தொடுக்கவிருந்த வழக்கைச் சமரசம் செய்ய, சங்கத்தின் பணத்திலிருந்து 3,32,400 டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். நிர்வாகக் குழுவுக்கே அது தெரியாது. விஷயம் வெளியே வந்தது. சங்கம் பல லட்சம் டாலர் கடனில் மூழ்கியிருந்தது. ஆகஸ்டில் அவரை நீக்கினார்கள்.

அடுத்த ஆண்டு, 1995 பிப்ரவரியில், குழுத் தலைவர் பதவிக்குத் தேர்தல். மெட்கர் எவர்ஸ் என்ற வீரத் தோழரை 1963-ல் வெள்ளை வெறியன் ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான் அல்லவா? அவருடைய மனைவி மைர்லி எவர்ஸ் போட்டியிட்டார். கணக்கை ஒழுங்கு செய்வேன் என்று சொல்லி நின்றார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதன் பின் சங்கம் கடனிலிருந்து மீண்டது.

நம்மவர் மேஜையில் உட்கார வேண்டும் என்பது முதல் பாடம். நம்மவர் உட்கார்ந்துவிட்டார், இனிக் கணக்குக் கேட்க வேண்டியதில்லை என்று தூங்கிவிடக் கூடாது என்பது இரண்டாவது பாடம். முதல் பாடத்தை மட்டும் படித்தவன் பாதியில் ஏமாறுவான்.

நாற்காலிக்குக் கொடுத்த விலை

அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்புவோம். மேஜையில் ஓர் இடம் என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். மதுரை மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

1996-ல் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவர்க்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30-ம் தேதி, மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில், அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் ஒதுக்கீட்டுப் பதவிக்கு ஒழுங்கான தேர்தலே 10 ஆண்டு நடக்கவில்லை. யாராவது பெயருக்கு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் உருப்படியாக நடந்தது.

ஒரு நாற்காலிக்கு எதற்கு இத்தனை வெறி? அந்த நாற்காலிக்கு முன்னால்தான் பஞ்சாயத்தின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. தெருவிளக்கு எந்தத் தெருவுக்கு, குழாய் எந்தத் தெருவுக்கு, கண்மாய் மீன் ஏலப் பணம் எங்கே போகிறது என்பது அங்கேதான் முடிவாகிறது. கும்பிட்டு வாங்குகிறவனை அவர்கள் வெட்டியதில்லை. கணக்குப் பார்க்க உட்கார்ந்தவனை வெட்டினார்கள். அதனால்தான் சொல்கிறோம்: கமிட்டியில் இடம் என்பது மரியாதைக்காகக் கேட்கிற சங்கதி அல்ல.

நோட்டீசுக்கு வருவோம்

இனி நம் கையிலுள்ள நோட்டீஸ். வாங்கலாமா, வேண்டாமா? எங்கள் யோசனை இது: பிள்ளைகளின் படிப்பைப் பாழாக்க வேண்டாம். பணத்தை மறுக்க வேண்டாம். ஆனால் தலை குனிந்து வாங்கவும் வேண்டாம். வருகிற கூட்டத்துக்கு எல்லோரும் போவோம். போய் இந்தக் கேள்விகளைக் கேட்போம்.

முதல் கேள்வி: அதிபர் தருவது அவர் சொந்தப் பணமா, கம்பெனிப் பணமா? 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். சொத்திலும் விற்றுமுதலிலும் மிகப் பெரிய கம்பெனிகளுக்கும் இதே கடமை உண்டு. இவர் ஆலை அதில் சேருகிறதா? சேர்ந்தால் இது தர்மம் அல்ல, சட்டம் இட்ட கடமை. அந்த லாபம் வந்தது நம் தோழர்கள் ஓட்டிய கதிர்களிலிருந்து. மாலை போடுவதற்கு முன் இதைக் கேட்போம்.

இரண்டாவது கேள்வி: இது அறக்கட்டளையா, பதிவு செய்த சங்கமா? இதில் நுணுக்கம் இருக்கிறது. அறக்கட்டளை என்றால் பத்திரத்தில் யார் பெயரை எழுதினார்களோ அவர்களே தர்மகர்த்தாக்கள். நமக்கு ஓட்டுக் கிடையாது. தவறு நடந்தால், சிவில் நடைமுறைச் சட்டம் 92-வது பிரிவின்படி சம்பந்தப்பட்டவர்கள் இரண்டு பேராவது சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி பெற்று வழக்குப் போட வேண்டும். கூலிக்காரனுக்கு அது லேசான காரியமா? சங்கம் என்றால், 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் அங்கத்தினர் உண்டு, ஆண்டுப் பொதுக்குழு உண்டு, தணிக்கை செய்த கணக்கைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஆகவே சங்கமாகப் பதியச் சொல்வோம். அறக்கட்டளைதான் என்று பிடிவாதம் செய்தால், பெற்றோர் பிரதிநிதிகளுக்கு இடம் உண்டு என்பதைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்வோம். வாய் வார்த்தை போதாது.

மூன்றாவது: ஏழு பேர் கமிட்டியில் நாலு பேர் நம் பெற்றோரிலிருந்து வர வேண்டும். அந்த நாலில் இரண்டு பேர் பெண்களாக இருக்க வேண்டும். அவர்களை அதிபர் பொறுக்கி எடுக்கக் கூடாது. நாம் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆலோசனைக் குழு என்று தனியாக ஒரு பெஞ்சுப் போட்டால், 1932-ல் போட்ட பெஞ்சு அது என்று சொல்வோம்.

நாலாவது: பாங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து. அதில் ஒன்று பெற்றோர் பிரதிநிதியுடையது. நூறு ரூபாய் வசூலுக்கும் ரசீது.

ஐந்தாவது: ஆண்டுக்கு இருமுறை வரவு செலவை நம் தெருவில் வைத்து, தமிழில், உரக்கப் படிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு, ஆபீஸ் செலவு எவ்வளவு, நோட்டீஸ் அச்சடிக்கவும் பந்தல் போடவும் எவ்வளவு என்று தனித்தனியே சொல்ல வேண்டும். இது புதிய ஆசை அல்ல. 2005-ம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-வது பிரிவில், வேலைக் கணக்கைக் கிராம சபையே தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கப்பட்டது. நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்களுக்கு இது தெரியும். எங்கே ஜனங்கள் கூடிக் கேட்டார்களோ, அங்கே அந்தப் பிரிவுக்கு உயிர் வந்தது. கேட்காத ஊரில் அது காகிதமாகவே கிடந்தது.

இவ்வளவும் கேட்டால் அதிபர் கோபித்துக்கொண்டு போய்விட மாட்டாரா என்று அந்தத் தாய் கேட்பார். போகலாம். போனால், அவருக்கு வேண்டியது நம் பிள்ளையின் படிப்பா, நம்முடைய கும்பிடா என்பது எல்லோருக்கும் தெரிந்துபோகும். ஆனால் ஊர் முழுவதும் மரியாதையோடு, ஒரே குரலில் கேட்கும்போது எழுந்து போவது எவருக்கும் அத்தனை சுலபமல்ல.

எங்களிடமும் கேளுங்கள்

கடைசியாக ஒன்று. நம் சங்கத்துக்கும் மாதச் சந்தா கட்டுகிறீர்கள். வேலைநிறுத்த நிதி தருகிறீர்கள். அதன் கணக்கை எங்களிடம் எத்தனை முறை கேட்டீர்கள்? "தோழர்கள்தானே, கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகுமே" என்று இருந்துவிட்டீர்கள். அந்தக் கூச்சம் வேண்டாம். கேட்பது சந்தேகம் அல்ல, உரிமை. இந்த ஆண்டு வரவு செலவு நோட்டை இதோ இந்த மேஜையில் வைத்திருக்கிறோம். வகுப்பு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் புரட்டலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு, பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள்.

நம் நோட்டைப் புரட்டிப் பழகிய கைதான், நாளைக்கு அறக்கட்டளை நோட்டையும் பஞ்சாயத்து நோட்டையும் துணிந்து புரட்டும். வாருங்கள், இங்கிருந்தே தொடங்குவோம்.